கடலைத் தொலி
லுசாகாவின் வெயில் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. தன் அறையிலிருந்தே பல்கலைக்கழகத்தின் கணினிக்குள் நுழைந்து, விடியலிலிருந்து தட்டிய ஆய்வறிக்கைக்கு லுபாசி கடைசிப் புள்ளி வைக்கிறான். அறைத்தோழன் முசோண்டா பின்னால் நின்று வறுத்த கடலையை உள்ளங்கையில் தேய்க்கிறான். “எங்கடா சேவ் பண்ணுன?” “டெஸ்க்டாப்லதான், கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னு,” என்கிறான் லுபாசி, திரும்பாமல். லாக் அவுட் செய்து வெளியேறிய நொடியே அந்த டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். போன வருடம் முசோண்டா அப்படித்தான் எல்லாவற்றையும் இழந்தான். எப்படிப் போனது என்றுகூடக் கேட்காமல் அன்று லுபாசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பத்து நிமிஷத்துல கரண்ட் போயிடும்டா. ஒழுங்கா லாக் அவுட் பண்ணிடு, அப்பதான் பத்திரமா இருக்கும்,” என்கிறான் முசோண்டா. “நீ ஒருத்தன்தான்டா எனக்கு நல்லது சொல்ற.” லுபாசி பொத்தானை அழுத்துகிறான். முசோண்டா உள்ளங்கையிலிருக்கும் தொலியை மெல்ல ஊதிவிடுகிறான்.