கோணல் வட்டம்

“இந்த எழவெடுத்த கண்ணாடி ஒரு நெலைல நிக்கவே மாட்டேங்குது!” அன்பரசு போட்ட சத்தத்தில், மொட்டைமாடிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த கலைமணி திரும்பிப் பார்த்தாள்.

வெயில் இறங்குவதற்குள் டெலஸ்கோப்பின் கண்ணாடியை அவன் நேர்ப்படுத்தியாக வேண்டும். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வியாழன் கிரகத்தைப் படமெடுத்துத் தருவதாக மகள் அனிதாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இன்று ராத்திரியை விட்டால் வேறு நாள் கிடையாது. விடிந்தால் போர்வெல் போடும் ரிக் லாரியை ஓட்டிக்கொண்டு சத்தீஸ்கர் போகிறவன், திரும்ப மாசக்கணக்காகும்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாய்மேல் குறி பார்த்தான். சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற கரண்டுக் கம்பம் நடுவில் வளைந்திருந்தது. எவனோ லாரியை ரிவர்ஸ் எடுத்து முட்டியிருப்பான். சங்ககிரியில் இடிபடாத கம்பம் ஏது?

கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கும் பீங்கானில் வெயில் பட்டு நட்சத்திரம்போல மின்னியது. அதை டெலஸ்கோப்பில் பிடித்து ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்தால், வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிய வேண்டும். இவனுக்குத் தெரிந்ததோ ஒரு பக்கம் நசுங்கிய வட்டம்.

ஒரு திருகைத் திருப்பினான். அடுத்ததைத் திருப்பினான். ம்ஹூம், நசுங்கினது நசுங்கினதுதான்.

“வாங்குன புதுசுல நல்லாத்தானுங்க இருந்துச்சு? நீங்க திருகித் திருகியே கெடுத்துப்போட்டீங்க” என்றாள் கலைமணி.

“உனக்கென்ன தெரியும்? பேசாம இரு.”

பீங்கானில் மினுக்கம் அடங்கிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அன்பரசுக்கு அழுகையே வந்துவிட்டது.

“எஞ்சாமிகிட்டப் போயி என்னத்தச் சொல்லுவேன், கலை?”

“முடியலீன்னு சொல்லுங்க. கோவிச்சுக்கமாட்டா.”

அவன் திரும்பவும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு காட்டுப் பக்கம் பார்த்தான். “நான் போனதும் ஈபி ஆபீஸ்ல சொல்லி அந்தக் கம்பத்த மாத்தச் சொல்லு. புள்ளைக நடக்குற தடம், உளுந்து கிளுந்து வெச்சா என்ன பண்றது? எப்படி வளைஞ்சு நிக்குது பாரு.”

கலைமணி கம்பத்தைப் பார்த்தாள். வாசலில், காலையில் அவன் ஓட்டப்போகும் லாரியைப் பார்த்தாள். கடைசியாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஏனுங்க, கம்பம் நேராத்தானுங்க நிக்குது.”