நெட்டை மோட்டாரும் குட்டை மோட்டாரும்

மேசை மேல் இரண்டு மோட்டார்கள் இருந்தன. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை.

மாமனார் நெட்டையைத்தான் வாங்க வேண்டும் என்று சித்ரா வேண்டாத சாமி இல்லை.

கடைக்காரர் ஏசுரத்தினம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். நெட்டை, போர்வெல் குழாய்க்குள் இறக்குவது. குட்டை, ஓடையோரம் மேடை கட்டி உட்காரவைப்பது. ஒன்றின் இடத்தில் மற்றது ஆகாது.

போர் இருப்பது கம்பம் ஊரில். ஓடை ஓடுவது கேரள மலை மேல், இவர்கள் குடியிருக்கும் தேயிலை எஸ்டேட் லயத்துக்குக் கீழே. அவளுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

மாமனார் அழகுமலைக்கு இந்த முப்பத்தொன்றாம் தேதியோடு எஸ்டேட் வேலை முடிகிறது. அதோடு லயத்து வீட்டையும் காலி செய்துவிட வேண்டும். வீடு வேண்டுமென்றால் அதே வீட்டிலிருந்து இன்னொருவர் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். யார் இருக்கிறார்கள் கொடுக்க? ஒரே மகன் பாண்டீஸ்வரனுக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் ஜீப்பே கதி.

கம்பத்தில் பதினைந்து சென்ட் வாங்கி, போர் போட்டு, குழாய் வாயைச் சாக்கால் கட்டிவைத்து இரண்டு வருடமாகிறது. ரிட்டையர் ஆனதும் பாகலும் பீன்ஸும் போட்டு ஒரு தோட்டம் வைக்கப்போவதாக அழகுமலை சொல்லாத நாள் கிடையாது.

சித்ரா கம்பத்துப் பெண். லேப் டெக்னீஷியன் படித்தவள். அங்கே ஒரு லேபில் ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த நான்கு வருடத்தில் அவள் கையில் பட்ட ரத்தமெல்லாம் அட்டை கடித்து வந்ததுதான்.

வீடு என்று பேர், ஒன்றரை அறை. பக்கத்து வீட்டில் தாளித்தால் இவர்கள் தும்முவார்கள்.

போன திங்கட்கிழமை மாமனாரின் ரிட்டையர்மென்ட் பேப்பர் என்று பாண்டீஸ்வரன் ஒரு கட்டைக் கொண்டுவந்தான். ஒன்றில் அவளும் கையெழுத்துப் போட வேண்டுமாம். எல்லாம் மலையாளம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவன் விரல் வைத்த இடத்தில் சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தாள். அன்று பாயசம்கூட வைத்தாள்.

இன்று அவன் கடைக்குள் வரவில்லை. எதிரே ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தான்.

அழகுமலை மாடு பிடிக்க வந்தவர் மாதிரி இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். நெட்டையைத் தூக்கிப் பார்த்தார். உடம்பைத் தடவிப் பார்த்தார். சித்ராவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பிறகு அதைக் கீழே வைத்தார்.

"நமக்கு ஓடைத் தண்ணிதான் அண்ணாச்சி. குட்டையைக் குடுத்துருங்க."

வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். வயசானவர்தானே.

ஓடையிலிருந்து வீடு எவ்வளவு உயரம் என்று கேட்டார் ஏசுரத்தினம். அழகுமலை தலையைச் சொறிந்தார். முப்பத்தெட்டு வருடம் அந்த லயத்தில் இருக்கிறார், ஒரு குடம் தண்ணீர் தூக்கியதில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"தொண்ணூத்தாறு படி" என்றாள் சித்ரா. கேட்ட மாத்திரத்தில் வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. தினமும் எண்ணி எண்ணித்தானே நான்கு வருடத்தைத் தள்ளினாள்.

ஏசுரத்தினம் மனக்கணக்குப் போட்டார். அறுபது அடி, ஒரு ஹெச்பி தாராளம். நெட்டையை எடுத்துப் பாலித்தீன் உறையில் நுழைத்து மேல் தட்டுக்குத் தூக்கிவிட்டார்.

அது மேலே போவதைப் பார்த்தபிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"மாமா, அப்ப கம்பம்?"

"அது எங்கயும் ஓடிப்போயிராது தாயி, கெடக்கட்டும்" என்றார் அழகுமலை. "விடியக்காலம் கொழுந்துக்குப் போற புள்ள, இனிமே தண்ணியும் சொமந்துக்கிட்டுத் திரிய முடியுமா? அதான் மொத வேலையா மோட்டாரப் போட்டுருவோம்னு பாண்டிகிட்டச் சொன்னேன்."

அவர் குரலில் கள்ளம் கபடம் ஒன்றுமில்லை. மருமகளுக்காக ஒரு நல்ல காரியம் செய்கிற பூரிப்புதான் இருந்தது. திட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். இந்தப் பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

கொழுந்துக்குப் போகிற பெண் யார் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்க வேண்டியிருக்கவில்லை. வாரண்டி யார் பேரில் என்று ஏசுரத்தினம் கேட்க, அழகுமலை பெருமையாகச் சொன்னார்: சித்ரா, பத்தாம் நம்பர் லயம், வீடு இனி அவள் பேரில்தான், வேலைக்குப் பேர் கொடுக்க மருமகள் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டதாகப் பாண்டி வந்து சொன்னானே.

சித்ரா வாசலைப் பார்த்தாள். பாண்டீஸ்வரன் ஜீப்பை விட்டு இறங்கி, ஏற்கெனவே பளபளவென்று இருந்த முன்கண்ணாடியை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை.

ஏசுரத்தினம் வாரண்டி அட்டையை அவள் முன் தள்ளினார். முழுக்க மலையாளம். அடியில் ஓரிடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

"இங்கன ஒரு கையெழுத்துப் போடும்மா."