தங்கத்திலிருந்து வந்த பச்சை

பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

லேசர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போது கழற்றவே கூடாது. ஆய்வகக் கதவில் அதை எழுதி ஒட்டியவனே அவன்தான்.

ஒருமுறை. ஒரே ஒருமுறை, வெறுங்கண்ணால்.

மேசை நடுவில் நகத்தளவு ஒரு தகடு. அதன்மேல் அவனோடு ஆய்வு செய்யும் மெர்லின் செதுக்கிய தங்க வளையங்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே நூறு வளையங்களை அடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அவற்றுக்குள் போகும். பச்சையாகி வெளியே வரும்.

வர வேண்டும். இத்தனை வருடமாக வரவில்லை.

இன்று வந்துவிட்டது. கணினித் திரையில் தரையோடு கிடந்த கோடு, நடுவில் ஊசிபோல் எழுந்து நின்றது. ஆனால் பாதுகாப்புக் கண்ணாடி அந்தப் பச்சையையும் சேர்த்தே மறைத்துவிடும்.

விளக்கை அணைத்தான். குனிந்தான். பார்வைக்குக் குறுக்கே நின்ற கறுப்பு அட்டையை இடுக்கியால் மெல்ல விலக்கினான்.

இடுக்கியின் பளபளத்த முனை லேசர் ஒளியின் பாதைக்குள் போனது; ஒளி அதில் பட்டுத் தெறித்தது.

வலக்கண்ணுக்குள் ஏதோ வெடித்தது. வெள்ளையாக. சத்தமில்லாமல்.

வலி இல்லை.

தள்ளி வந்து அசையாமல் நின்றான். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டான். வலிக்கவில்லையே.

வலக்கண்ணை மூடித் திரையைப் பார்த்தான். ஊசி நின்றது.

இடக்கண்ணை மூடினான். கோட்டின் இரண்டு ஓரங்களும் இருந்தன. ஊசியைக் காணோம். பார்வையை நகர்த்தினான். எங்கே பார்த்தானோ அங்கே மட்டும் எதுவுமே இல்லை.



கறுப்புத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு மெர்லின் வந்தாள். கண்ணாடி அணிந்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"டேய்... வந்துருச்சாடா?"

தலையாட்டினான்.

சொல்ல வேண்டும். இப்போதே. ஆனால் சொல்லாதவரை அது இன்னும் நடக்கவில்லை என்றிருந்தது.

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"எத்தன தகடு போச்சு! ப்ளீஸ்டா, ஒரே ஒரு தடவ நானும் கண்ணால பாத்துக்கறேன்."

குனிந்தாள். கை கண்ணாடியைக் கழற்றக் காதருகே போனது.

மேசை அகலம். எட்டிப் பிடிக்க முடியாது.

உள்ளங்கையை ஒளியின் குறுக்கே வைத்தான்.

திரையில் ஊசி சரிந்தது. கோடு மறுபடி தரையில் படுத்தது.

"என்னடா பண்ற? கைய எடு!"

எடுக்கவில்லை. தோலில் லேசாகச் சுட்டது.

"கழட்டாத, மெர்லின்."

அந்தக் குரல் அவனுடையதுபோலவே இல்லை. அவள் நிமிர்ந்தாள். திரையின் வெளிச்சத்தில் அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள்.

அவன் இடக்கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.