சோளக்காட்டில் வேவு

எரியோட்டுச் சோளக்காட்டில், பால் பிடித்த கதிர்களுக்கு அடியில் சிப்பாய்கள் தவசியும் அந்தோணியும் குப்புறப் படுத்திருக்கிறார்கள். வேவுப் படைக்கு ஆள் எடுக்கும் பயிற்சி இது. சாலையில் போகும் ராணுவ லாரிகளைக் கவனிக்க வேண்டும்; பொழுது சாயும்வரை யார் கண்ணிலும் படக் கூடாது. பட்டால் படையில் இடமில்லை. குளத்துக்கரையில் பைனாகுலரோடு அவில்தார் நிற்கிறார். வெயில் தோகைகளின் வழியே பச்சையாக இறங்குகிறது. தூசி பொன்னாக மிதந்து தொப்பிகளில் படிகிறது. எங்கோ கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும் சத்தம் தூக்கம்போல வந்து வந்து போகிறது. ஒரு செவலைப் பசு வரப்பேறி உள்ளே வந்து, நிதானமாகக் கதிரைக் கடிக்கிறது. தவசியின் தோள் துடிக்கிறது. “ஏலே, ஒங்கப்பன் காடா இது? கம்முனு கெட” என்று கிசுகிசுக்கிறான் அந்தோணி. “அம்புட்டுக் கதிரையும் அழிக்குதேப்பா!” “அழிக்கட்டும். நீ எந்திரிச்சே, நாளைக்குச் சமையக்கட்டுல வெங்காயந்தான் உரிப்ப.” பசு இன்னொரு தட்டையை வளைக்கிறது. “ஏய்! ஹேய்! போ!” தவசி இரண்டு கையையும் வீசிக்கொண்டு எழுந்து நிற்கிறான். காட்டிலிருந்த கிளிகள் மொத்தமும் பச்சைப் போர்வையாய் மேலெழும்புகின்றன. பைனாகுலர் திரும்புகிறது, ஆள் பிடிபட்டதற்கான சிவப்புக் கொடி உயர்கிறது. தவசி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பசு வரப்பைத் தாண்டிவிட்டதா என்றுதான் எட்டி எட்டிப் பார்க்கிறான்.