பிளக்கைப் பிடுங்கிய கை

“மறுபடியும் பிடுங்கிட்டான், மார்னா! இந்த வாரத்துல மூணாவது தடவை!”

கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே வந்தார் ஹால்வர். மீசையில் பனி உறைந்திருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. சக்கரங்கள் மேல் நிற்கும் அவர்களுடைய டிரெய்லர் வீட்டுக்குத் தண்ணீர் வரும் குழாயைச் சுற்றி, அதை உறையவிடாமல் சூடாக்கும் வயர் ஒன்று உண்டு. அதன் பிளக் மின்கம்பத்தடியில் பனியில் கிடந்தது. மாட்டிவிட்டு வந்திருந்தார்.

மனைவி மார்னா சிங்க் குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் நூலாக இறங்கியது.

“வருது. முழுசா உறையலை.”

“இன்னும் அரைமணி போயிருந்தா குழாய் வெடிச்சிருக்கும். வெடிச்சா நம்ம கதி தெரியும்ல?”

தெரியாமல் என்ன? போன குளிர்காலத்தில் ஒருவர் வீட்டுக் குழாய் வெடித்துத் தெரு முழுக்கப் பனிக்கட்டியாகி, இரண்டு பேர் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து, டிரெய்லர்களை நிறுத்த வாடகைக்கு இடம் விடும் இடத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். யார் குழாய் வெடித்தாலும் மறுநாளே டிரெய்லரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அமெரிக்காவின் நார்த் டகோட்டாவில், ஜனவரிக் குளிரில், வேறு இடம் யார் கொடுப்பார்கள்?

“கம்பத்துகிட்ட யாராவது வந்தாங்களா? நீ பாத்தியா?”

“மத்தியானம் கொஞ்சம் கண் அசந்துட்டேன்.”

“பாக்கவே வேணாம். பக்கத்து வீட்டு டெல்பர்ட்தான். தங்கச்சிக்கு நம்ம மூலை இடம் வேணும்னு ஒரு வருஷமா அலையறான்.”

“பதினோரு வருஷப் பழக்கம், ஹால்வர். வாய்க்கு வந்ததைப் பேசாதே.”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து பெரிய ஸ்பேனரை உருவினார்.

“அது எதுக்கு?”

“பேசத்தான்.”

மார்னா வழியை மறித்தாள். “வேணாம். சொன்னாக் கேளு. அவன் அப்படிப்பட்டவன் இல்ல.”

அவளை ஒதுக்கிவிட்டு இறங்கினார். கோபம் வந்துவிட்டால் ஹால்வருக்குக் கண்மண் தெரியாது. டெல்பர்ட்டின் கதவு அதிர்ந்தது.

“வெளியே வாடா!”

சூப் கிண்ணத்தோடு கதவைத் திறந்தார் டெல்பர்ட். “என்னப்பா, விருந்துக்குக் கூப்பிடற மாதிரி தெரியலையே?”

“என் பிளக்கை எதுக்குடா பிடுங்கினே? ஒத்துக்கோ. இல்ல, மண்டையைப் பொளந்துடுவேன்!”

ஸ்பேனர் உயர்ந்தது. டெல்பர்ட் ஓர் அங்குலம் கூட நகரவில்லை.

“நான் நேத்துலேர்ந்து வெளியே காலே வைக்கலை. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் பனி கொட்டுச்சு. என் வாசலைப் பாரு. உன் பூட்ஸ் தடத்தைத் தவிர வேற ஏதாவது இருக்கா?”

ஹால்வர் குனிந்து பார்த்தார். இல்லை. ஸ்பேனர் தானாகத் தாழ்ந்தது. நண்பன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“கம்பத்தடியில போய்ப் பாரு. அதைத்தான் முதல்ல செஞ்சிருக்கணும்.”

போனார். அங்கே அவருடைய பெரிய பூட்ஸ் தடங்கள். அவற்றுக்கு அடியில், அவருக்கு முன்பே வந்துபோன சின்னத் தடங்கள். அவற்றைப் பின்தொடர்ந்தார். அவை வேறெங்கும் திரும்பாமல் நேராக அவர் வீட்டுப் படியில் போய் ஏறின.

படியில் சால்வைகூட இல்லாமல் நின்றிருந்தாள் மார்னா.

“இந்தக் குளிர்லயே கிடந்தா உன் நுரையீரல் வசந்தம் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொன்னப்போ, நீ சிரிச்சே, ஹால்வர். எனக்குச் சிரிப்பு வரலை. குழாய் வெடிச்சாலாவது நீ இங்கேருந்து கிளம்புவியான்னு பாத்தேன்.”