அண்ணன் வந்தால் புகையும் கணப்பு

கணவர் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை அவருடைய அண்ணன் குடித்து முடிப்பதற்குள், கணப்பு அடுப்பின் புகை கூடத்துக்குள் திரும்பிவிட்டது. மற்ற நாளெல்லாம் சமர்த்தாக மேலே போகிற புகைக்கு இந்த மனிதரைக் கண்டால் மட்டும் என்ன வந்துவிடுகிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. போன தடவையும் இதே கூத்து. அதற்கு முந்தின தடவையும்.

“அப்பவே சொன்னேன், தெரிஞ்ச ஆளை வெச்சுக் கட்டுடான்னு. நானே வைக்கிறேன்னு குதிச்சான். பெரிய விஞ்ஞானி!” அண்ணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அவர் வந்தது சும்மா பார்த்துவிட்டுப் போக அல்ல. குளிர்காலம் முழுக்கத் தங்க இரண்டு பெட்டிகளோடு வந்திருந்தார். அவர் கண் வைத்திருந்த பின்னறையில்தான் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. பாதி தைத்த திரைச்சீலைகளும், அவளுடைய பிழைப்பும் அங்கேதான்.

“மெஷினை மாடிப்படிக்குக் கீழ தள்ளிடும்மா. துணி தைக்க அந்த இடம் போதாதா?”

அவள் வாய் திறக்கும் முன் கணவர், “சரிண்ணே” என்றார். அண்ணனுக்கு மறுபேச்சு பேச அவருக்கு நாக்கு எழும்பியதே இல்லை.

அடுப்பு விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. அடுப்புக்கு முன்னால் மரத்தரையை எடுத்துவிட்டுக் கல் பதித்திருந்தார். இரட்டைச் சுவர் எஃகுக் குழாயை, கூரை மரத்தில் படாமல் இடைவெளி விட்டு ஏற்றி, முகட்டுக்கும் மேலே நிறுத்தியிருந்தார். கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் பாடம் வேறு: “வீட்டை விட்டு எவ்வளவு காத்து வெளிய போகுதோ, அவ்வளவு எங்கேயிருந்தாவது உள்ள வந்தே தீரும்.”

இப்போது அந்த வாத்தியார் முட்டி போட்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். குழாயைத் திறந்து மூடும் தட்டை இழுத்துக் காட்டினார், நன்றாகத் திறந்திருந்தது. இரண்டு விறகைத் தட்டிக் காட்டினார். காய்ந்த சத்தம் கணீரென்று கேட்டது. “குழாய் சில்லுனு இருக்கு போல, சூடேறினா இழுக்கும்” என்று செய்தித்தாளைக் கொளுத்திக் காட்டினார். அந்தப் புகையும் சேர்ந்து கூடத்துக்கே வந்தது.

கூரையில் மாட்டியிருந்த புகைமணி அலறத் தொடங்கியது.

“நிறுத்துடா உன் வித்தையை! மனுஷன் இருக்கிற வீடா இது?” அண்ணன் கண்ணீரும் மூக்குமாக எழுந்தார். “எம்பொண்ணு வீட்டுல ஹீட்டர் இருக்கு. அங்கேயே போறேன்.”

“அண்ணே, நாளைக்குள்ள சரி பண்ணிடறேண்ணே...”

“நீயா? சரி பண்ணுவே, பண்ணுவே!”

கணவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெட்டிகளைத் தூக்கிப்போய்க் காரில் வைத்தார். தன் அறை தப்பியதில் அவளுக்கு நிம்மதிதான். ஆனால் அந்தத் தொங்கிய தலையைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

அவசரமாகக் கூடத்துச் சன்னல்களைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பேச்சில் அந்த இரைச்சல் யாருக்குக் கேட்கும்? சமையல் காலையிலேயே முடிந்திருந்தது.

ஃபேனை நிறுத்தினாள். சன்னல்களைச் சாத்திப் பார்த்தாள். புகை சமர்த்தாக மேலே போனது. ஃபேனைப் போட்டாள், திரும்பியது. நிறுத்தினாள், ஏறியது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, குற்ற உணர்ச்சியும் வந்தது.

கணவர் படியேறி வந்ததும் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏங்க, கண்டுபிடிச்சிட்டேன்! உங்க அடுப்புல ஒரு குறையும் இல்ல. ஃபேன் வீட்டுக் காத்தையெல்லாம் வெளிய தள்ளுது. சன்னல் மொத்தமும் சாத்தியிருக்கா, அதுக்குப் பதில் காத்து புகைபோக்கி வழியா இறங்குது, புகையையும் சேர்த்துத் தள்ளிட்டு வருது. நான்தான் சமைச்சுட்டு நிறுத்த மறந்திருக்கேன். உங்க அண்ணன் இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாரு. அறை போனாப் போகுது, உங்களை அவர் கேவலமா நினைக்கக் கூடாது. ஃபோன் போடறேன்.”

அவர் பதறிப்போய் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஐயோ, கூப்பிட்டுடாதே! ஃபேனைப் போட்டதே நான்தான்.”