அடைக்காத ஃபில்டர்

"போன மாசந்தானே மாத்தினீங்க? மறுபடியும் அடைச்சுக்கிச்சா?"

கேட்டது எதிர்வீட்டு அம்மாள். இரண்டாம் மாடி மேடம் வீட்டுத் தண்ணீர் ஃபில்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக், தலை நிமிரவே இல்லை.

"இந்த வீட்டுத் தண்ணி அப்படிம்மா."

"எங்களுக்கும் அதே டேங்க்தானேய்யா!" கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ் மட்டும் போடவில்லை.

அவள் சந்தேகம் நியாயம்தான். வேறு வீடுகளில் கழற்றிய பழைய மெம்ப்ரேனை, அதாவது ஃபில்டருக்குள் தண்ணீரை வடிகட்டும் சவ்வுக் குழலை, புதுசு என்று சொல்லி இங்கே மாட்டுவதே மனிதருக்கு வழக்கம். தண்ணீர் சுத்தமாகத்தான் வரும். என்ன, சீக்கிரமே சொட்டுச் சொட்டாகிவிடும். மேடம் போன் போடுவார்.

பைசா வாங்குவதில்லை. ஒரு டீ, ஒரு மணி நேரப் பேச்சு, அவ்வளவுதான். மனைவி போனபின் அவர் வீட்டில் வாய் திறந்து பேசுவது டிவி ஒன்றுதான்.

மேடமும் ஒண்டிக்கட்டை. ஏதோ ஆராய்ச்சி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். ஒவ்வொரு தடவையும் அந்த மெம்ப்ரேனைக் கையில் வாங்கி, கத்திரிக்காய் எடை பார்ப்பதுபோல் ஆட்டிவிட்டு, "நல்லாயிருக்கு, மாட்டுங்க" என்பார். படித்தவர் இப்படியா ஏமாறுவார் என்று மெக்கானிக்குக்கே பாவமாக இருக்கும்.

இன்று மெக்கானிக்கின் பையிலிருந்து இரண்டு மெம்ப்ரேன்கள் வந்தன. ஒன்று வழக்கமான பழசு. இன்னொன்று பளபளவென்று உறை பிரிக்காதது.

"இனிமே எல்லா வீட்டுக்கும் இந்தப் புது ரகந்தானாம் மேடம். மேல ஏதோ பூச்சு. அது தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிட்டு, அழுக்கு உட்கார இடமே கொடுக்காதாம். வருஷக்கணக்கா அடைக்காது."

"அப்போ நீங்க?"

"எனக்கு இங்க என்ன வேலை?"

மேடம் இரண்டாவது கோப்பையிலும் டீயை ஊற்றினார்.

"அந்தப் பூச்சுக்காக லேப்லயே பாதி ஆயுசைத் தொலைச்சவ நான்தாங்க."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்போ... இவ்வளவு நாளும் நான் மாட்டினது..."

"அழுக்கேறினது கையில எடுத்தாலே கனக்குமே."

உறை பிரிக்காததை எடுத்து அவர் பைக்குள்ளேயே திணித்தார் மேடம்.

"இது அடைக்காது. பழசையே மாட்டுங்க."